ஆடுகிறான், பாடுகிறான், அப்புறம் என்ன குறை?

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட ஒரு கவிதை பன்னிரண்டே வரிதான். பனி கொட்டிக் கிடக்கிறது. அதன் நடுவே கரி அப்பிய ஒரு சின்ன உருவம் அழுதுகொண்டு நிற்கிறது. “உன் அப்பா அம்மா எங்கே?” என்று யாரோ கேட்கிறார்கள். “இரண்டு பேரும் தேவாலயத்துக்கு ஜெபம் செய்யப் போயிருக்கிறார்கள்” என்கிறான் பையன். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. மிச்சக் கவிதை முழுக்க அவன் பேச்சுதான்.

நான் சந்தோஷமாக இருந்தேன், பனியிலும் சிரித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் எனக்குச் சாவின் உடையை மாட்டிவிட்டுத் துயரப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறான். அடுத்து வருவதுதான் என்னைப் பல காலமாக விடாத இடம். நான் சந்தோஷமாக இருப்பதாலும், ஆடுவதாலும் பாடுவதாலும், எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் சோகம் என்பது நமக்குப் பழகிப்போன வாய்பாடு. மேடையில் சிரிக்கவைக்கிற கோமாளி வீட்டில் அழுகிறான் என்ற வகை. பிளேக்கின் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான். நடிக்கிறேன் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், ஆடத்தான் செய்கிறேன் என்கிறான். எந்தப் பிள்ளையும் அப்படித்தான். எந்த நரகத்திலும் ஒரு நிமிஷம் கிடைத்தால் விளையாடும். அவனுடைய புகார் அந்த ஒரு நிமிஷத்தைப் பெரியவர்கள் எதற்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது பற்றியது. பிள்ளையின் சிரிப்பு அவர்களுக்கு ஒரு சாட்சி. பார், சிரிக்கிறான், அப்படியானால் நம் மேல் குற்றமில்லை.

அவன் தொழில் என்னவென்று தெரிந்தால் அந்த வரி இன்னும் கனக்கும். அவன் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி சுரண்டுகிறவன். அன்றைய இங்கிலாந்தில் வீடுகளில் நிலக்கரி எரித்துக் குளிர் காய்ந்தார்கள். புகை போகிற பாதைகள் குறுகல், வளைந்து நெளிந்து போகும். ஒன்பது அங்குலச் சதுரம் மட்டுமே உள்ளவையும் இருந்தன. வளர்ந்த ஆள் நுழைய முடியாது, ஆகவே பிள்ளைகள். பெற்றோர் காசு வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிடுவார்கள். முழங்கையையும் முழங்காலையும் சுவரில் ஊன்றி ஏற வேண்டும், தோல் உரியும். தோல் காய்த்துப் போவதற்காக நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, புண்ணின் மேல் உப்புநீரைத் தேய்த்தார்கள். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதையும் அதற்குக் கரிதான் காரணம் என்பதையும் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இலேயே எழுதிவிட்டார்.

எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1788இல் ஒரு சட்டம் வந்தது. கண்காணிக்க ஆளில்லை, அதனால் அதைவிடச் சின்னப் பிள்ளைகளும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 1840இல் இருபத்தொரு வயதுக்குக் கீழே யாரும் ஏறக் கூடாது என்றார்கள், அதையும் யாரும் சட்டை செய்யவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனைப் புகைபோக்கிக்குள் அனுப்பப்பட்ட சிறுவன் ஒருவன் செத்த பிறகுதான், காவல்துறையின் மேற்பார்வையோடு வந்த சட்டம் இந்த வழக்கத்தை முடித்துவைத்தது. கவிதைக்கும் அதற்கும் இடையில் 81 ஆண்டுகள்.

பையன் சொல்லும் அந்த ஆட்டமும் கவிஞரின் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. மே மாதம் முதல் தேதி லண்டனில் இந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அழுக்குத் துணியில் பளபளக்கும் தாளை ஒட்டிக்கொண்டு, மண்வாரியையும் துடைப்பத்தையும் தட்டித் தாளம் போட்டுத் தெருத்தெருவாக ஆடிக் காசு வாங்குவார்கள். ஊரே நின்று பார்க்கும். எலிசபெத் மான்டேகு என்ற செல்வச் சீமாட்டி அன்றைக்குத் தன் வீட்டிலேயே அவர்களுக்கு இறைச்சியும் இனிப்புமாக விருந்து வைத்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்காவது வயிறு நிறைந்ததே. ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன கூட்டம் எதை நினைத்துக்கொண்டு போயிருக்கும்? எவ்வளவு குஷியாக ஆடுகிறார்கள் பார் என்றுதானே?

ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் 1822இல் இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தெருவில் வழுக்கி விழுந்த அவரைப் பார்த்து ஒரு கரிப்பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். லாமுக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பை ரசித்து ரசித்து எழுதுகிறார். அந்தக் கண்கள் ஏற்கெனவே அழுது அழுது சிவந்தவை, கரி பட்டு எரிந்தவை என்பதையும் கவனித்து எழுதுகிறார். இவ்வளவு கூர்மையாகப் பார்த்த மனிதர் வாசகரிடம் கேட்டதெல்லாம் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் ஒரு காசு கொடுங்கள் என்பதுதான். நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு ஆபத்து. சிவந்த கண்ணும் சிரிப்பும் சேர்ந்து ஒரு நல்ல சித்திரமாகிவிட்டால் எழுதியவருக்கும் படித்தவருக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.

பிளேக்கும் முதலில் அப்படி ஒரு கவிதை எழுதினார் என்றுதான் மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். 1789இல் வந்த முதல் கரிப்பையன் கவிதை அது. அதில் டாம் என்று ஒரு சின்னவன். ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரிச் சுருண்ட முடியை மழித்தபோது அழுகிறான். பெரிய பையன் தேற்றுகிறான்: “விடுடா, மொட்டைத் தலையாக இருந்தால் கரி உன் வெள்ளை முடியைக் கெடுக்க முடியாதே.” ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குச் சொல்லும் சமாதானம் இது. அன்று இரவு டாம் கனவு காண்கிறான். ஆயிரக்கணக்கான கரிப்பையன்கள் கறுப்புச் சவப்பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறார்கள். ஒரு தேவதை வந்து திறந்துவிடுகிறது. எல்லோரும் பச்சைப் புல்வெளியில் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள், ஆற்றில் குளிக்கிறார்கள். நல்ல பையனாக இருந்தால் கடவுளே உனக்கு அப்பா, சந்தோஷத்துக்குக் குறைவிருக்காது என்கிறது தேவதை. விடியுமுன் இருட்டில் எழுந்து பையையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். குளிர்கிற காலையிலும் டாமுக்குக் கதகதப்பாக, சந்தோஷமாக இருக்கிறது. கடைசி வரி, கடமையைச் செய்தால் யாருக்கும் தீங்கு வராது என்று முடிகிறது.

அந்தக் கடைசி வரியைப் படிக்கிறபோது எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் வர வேண்டும் என்றே பிளேக் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம், பையன் வாயிலிருந்து வருகிறது. அம்மா செத்துப்போனதையும், பேச்சு சரியாக வராத வயதில் அப்பா தன்னை விற்றுவிட்டதையும் கவிதையின் தொடக்கத்திலேயே சொன்னவன் அதே பையன்தான். தீங்கு வராதாம். வருவதற்கு இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

ஆனால் இப்படி எல்லோரும் படித்துவிடவில்லை. 1824இல் கரிப்பையன்களுக்கு ஆதரவு திரட்ட ஜேம்ஸ் மான்ட்கோமரி என்ற கவிஞர் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். லாம் அதற்கு அனுப்பிவைத்தது 1789இன் டாம் கவிதையைத்தான். தேவதையும் கடமையும் உள்ள கவிதை தொகுப்பில் ஏறியது. பெற்றோரையும் பாதிரியையும் மன்னனையும் ஒரே மூச்சில் குற்றம் சொல்லும் 1794 கவிதை அதில் இல்லை. தொகுப்பு மன்னருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது, அதில் அது எப்படி இருக்கும்?

அதே பிளேக் இன்னொரு இடத்தில் நேராகவே கேட்டுவிடுகிறார். தர்மப் பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கு ஒரு முறை லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு வரிசையாக நடத்திக்கொண்டு போய்ப் பாடவைப்பார்கள். 1789இல் அந்தக் காட்சியை அழகாக எழுதியவர், 1794இல் திரும்பி வந்து கேட்கிறார்: இந்த நடுங்கும் ஓலம் ஒரு பாட்டா? இது மகிழ்ச்சிப் பாட்டாக இருக்க முடியுமா?

பிற்பாடு 1843இல் எலிசபெத் பாரெட் பிரவுனிங் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த பிள்ளைகளைப் பற்றி எழுதிய நீண்ட கவிதையில், போய்ப் பாடுங்கள், பூப் பறித்து விளையாடுங்கள் என்று சொல்கிறபோது பிள்ளைகள் மறுத்துவிடுகிறார்கள். களைப்பாக இருக்கிறது, ஓட முடியாது, புல்வெளி கிடைத்தால் அதில் விழுந்து தூங்கத்தான் தோன்றும் என்கிறார்கள். அந்தக் கவிதையில் கண்ணீர் கொஞ்சம் அதிகம், நீளமும் அதிகம். ஆனால் சந்தோஷப்படச் சொல்லும் கட்டளைக்கு முடியாது என்று பதில் சொன்ன பிள்ளைகளை நான் வேறெங்கும் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

தமிழில் இதைத் தேடினால் வெகு பின்னால் போக வேண்டியிருக்கிறது. புறநானூற்றின் 46ஆம் பாட்டு. குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சொல்கிறான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் குறுக்கே வந்து பாடுகிறார். நீ புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்கள் புலவர்களின் வறுமையைப் பொறுக்காமல் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள் என்று நினைவூட்டிவிட்டு, பிள்ளைகளைக் காட்டுகிறார்.

களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர் மன்றுமருண்டு நோக்கி
விருந்திற் புன்கண்நோ வுடையர்

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். எந்த யானையை? தங்களை மிதிக்கப் போகிற யானையை. பிள்ளைகளுக்கு யானை என்றால் வேடிக்கைதானே, அதுவும் இவ்வளவு பக்கத்தில். அப்புறம் கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். இதற்கு முன் அறியாத ஏதோ ஒரு புதுத் துன்பம் முகத்தில்.

அந்த இடத்தில் வேறொருவர் நின்றிருந்தால், பாருங்கள், அழுகையை நிறுத்திவிட்டார்கள், யானையைக் கண்டு குஷியாகிவிட்டார்கள் என்று மன்னனுக்குச் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை அது. பிள்ளைகள் அழவில்லைதான். கோவூர் கிழார் அதே உண்மையை எடுத்து எதிர்ப்பக்கம் வைக்கிறார். அழாமல் நிற்கிறார்களே, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார். கெஞ்சல் ஒரு சொல் கூடக் கிடையாது. கேட்டாய் அல்லவா, இனி உனக்கு எது விருப்பமோ செய் என்று முடித்துவிடுகிறார். பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. ஒரு குழந்தையின் முகத்தைச் சரியாகப் படித்ததால் உயிர் மிஞ்சிய கதை இலக்கியத்தில் இதுபோல் இன்னொன்று இருக்குமா, சொல்லத் தெரியவில்லை.

160ஆம் பாட்டு வீட்டுக்குள் நடக்கிறது. பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் வீட்டு நிலைமையைச் சொல்கிறார். பால் வற்றிய மார்பைச் சுவைத்துப் பார்த்த மகன், கூழும் சோறும் தேடி வெறும் பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். அம்மா என்ன செய்வாள்? புலி வருகிறது என்கிறாள், நிலாவைக் காட்டுகிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. அப்பாவை நினைத்துக் கோபித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பாயே, அதைக் காட்டு பார்க்கலாம் என்கிறாள். பசித்த குழந்தையைக் கோபத்தை நடித்துக் காட்டச் சொல்லி விளையாட்டுக்கு இழுக்கும் தாய் அவள். மான்டேகு வீட்டு விருந்துக்கும் டாமின் தேவதைக்கும் பக்கத்தில் அவளை வைக்க எனக்கு மனமில்லை. அவளும் பிள்ளையைச் சிரிக்கவைக்கத்தான் பார்க்கிறாள், ஆனால் தன்னை விடுவித்துக்கொள்ள இல்லை. அவளுக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. சந்தோஷமாக இரு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதில் இத்தனை வகை இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது இதில் எந்த வகை என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. விருந்தாளிகள் வந்தால் நான் பாடிக் காட்ட வேண்டும். அன்றைக்கு எதற்காகவோ நன்றாக அடி வாங்கியிருந்தேன். வாசலில் பேச்சுக் குரல் கேட்டதும் என் முகத்தைக் கழுவி, துடைத்து, பவுடர் போட்டு, தலையைச் சீவிக் கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். பாடினேன். பாட்டு வந்தது, ஆனால் தேம்பல் நிற்கவில்லை. நிறைய அழுத பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து தானாகக் குதித்து வருமே, அது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு தேம்பல். வந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது, விக்கலோடு பாடுகிறான் என்று சிரித்துக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, கைதட்டு எனக்குப் பிடித்திருந்தது. அடித்த கைகளும் தட்டிய கைகளில் சேர்த்திதான். அந்த மாலை எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்துவிட்டது.

அதனால்தான் அமெரிக்கக் கவிஞர் தியடோர் ரெத்கே தன் அப்பாவைப் பற்றி எழுதிய கவிதையைச் சுற்றி நடக்கும் சண்டையில் நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ரெத்கே 1908இல் மிச்சிகனில் பிறந்தவர். அப்பா கண்ணாடிக் குடில்களில் செடி வளர்த்து விற்றவர், மகனுக்குப் பதினான்கு வயதில் இறந்துபோனார். 1940களில் எழுதிய அந்தக் கவிதையில் சாராய நெடியோடு வந்த அப்பா, சின்னப் பையனைச் சமையலறையில் சுழற்றிச் சுழற்றி நடனமாடுகிறார். பாத்திரங்கள் உருள்கின்றன. அம்மாவின் முகச்சுளிப்பு மாறவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கையில் ஒரு விரல் முட்டி காயப்பட்டிருக்கிறது. அப்பாவின் அடி தவறும்போதெல்லாம் பையனின் காது இடுப்புப்பட்டையின் கொக்கியில் உராய்கிறது. மண் காய்ந்த உள்ளங்கையால் மகனின் தலையில் தாளம் தட்டிக்கொண்டே படுக்கைக்குக் கொண்டுபோகிறார். பையன் சட்டையை விடாமல் பிடித்திருக்கிறான்.

இது அடி உதையை மறைத்துச் சொல்லும் கவிதை என்று ஒரு கூட்டம். அன்பான அப்பாவைப் பற்றிய ஏக்கம் என்று இன்னொரு கூட்டம். பாட்டின் துள்ளல் நடையைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் ஒரு பக்கம், கொக்கியையும் முட்டியையும் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் மறுபக்கம். காது உராய்ந்ததும் உண்மை, ஆட்டத்தில் ஆனந்தம் இருந்ததும் உண்மை என்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ஆனந்தம் இருந்ததால் காது வலிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சரி, நம் பாரதிக்கு வருகிறேன். ‘ஓடி விளையாடு பாப்பா, நீ ஓய்ந்திருக்கலாகாது பாப்பா’ என்பதைத் தமிழில் எழுத்துக் கூட்டத் தெரியுமுன்னே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மாலை முழுதும் விளையாட்டு என்று வழக்கப்படுத்திக்கொள்ளச் சொல்லும் பாட்டு. இதை எழுதியவர் ஓடி விளையாடிய பையன் இல்லை. 1910இல் வெளியான தன்வரலாற்றுக் கவிதையில் பத்து வயதைப் பற்றி அவரே சொல்கிறார். தன் வயதுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஓடுகிறார்கள், ஆற்றிலும் குட்டையிலும் நீந்துகிறார்கள், மரம் ஏறி இறங்குகிறார்கள். அதன் பிறகு:

வேண்டு தந்தை விதிப்பினுக்கு அஞ்சியான்
வீதி யாட்டங்கள் ஏதினும் கூடிலேன்
தூண்டு நூற்கணத் தோடு தனியனாய்த்
தோழமை பிறிதின்றி வருந்தினேன்

ஐந்து வயதில் தாயை இழந்தவர் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏங்கவிட்டு விண்ணெய்திய தாய் என்று அதே கவிதையில் சொல்கிறார். அம்மா இல்லாத வீடு, அப்பாவின் கட்டளை, சுற்றிலும் புத்தகங்கள், வீதியில் மற்ற பிள்ளைகளின் சத்தம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாப்பா பாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. ‘கூடி விளையாடு பாப்பா’ என்கிறாரே, அந்தக் கூடுதல்தான் அவருக்குக் கிடைக்காதது. துன்பம் நெருங்கி வந்தபோதும் சோர்ந்துவிடலாகாது என்று ஓடுகிற ஒரு குழந்தையிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பாதகம் செய்பவரைக் கண்டால் பயங்கொள்ளாதே, மோதி மிதித்துவிடு, முகத்தில் உமிழ்ந்துவிடு என்கிற வரி, அஞ்சி அஞ்சி வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பத்து வயதுப் பையன் எழுதியதாக எனக்குப் படுகிறது. அந்தப் பாதகர் அவர் அப்பா என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சுருக்கினால் பாட்டைக் கொன்றுவிடுவோம். அஞ்சாமை எவ்வளவு தேவை என்பது அஞ்சி வளர்ந்தவருக்குத் தெரியும், அவ்வளவே.

இப்படியெல்லாம் தோண்டினால் நல்ல பாட்டு கெட்டுப்போகும் என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். குழந்தைப் பாட்டு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். இருக்கட்டும். எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும், தெருவில் யாராவது பிள்ளைகள் பாடினால் நின்று கேட்பேன். ஆனால் பாப்பா பாட்டில் பேசுவது பெரியவர் மட்டும்தான். பாப்பா ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஓடுகிறதா, ஓய்ந்திருக்கிறதா என்றுகூட நமக்குத் தெரியாது. பாரதியின் பாப்பா வாய் திறப்பது அந்தத் தன்வரலாற்றுக் கவிதையில்தான். நடந்து முடிந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ‘வருந்தினேன்’ என்று தன்மையில் சொல்கிறது.

பாடநூல் தயாரிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் ‘ஓடி விளையாடு’ இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பில் தன்வரலாற்றுக் கவிதையில் பத்து வயதைப் பற்றி வரும் அந்த எட்டு வரியைச் சேருங்கள். சொற்கள் கடினம், பிள்ளைகளுக்குப் புரியாது என்பார்கள். சொற்களுக்கு ஆசிரியர் பொருள் சொல்லிவிடுவார். மற்றதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.